முதல் பருவத்தில் எத்தனை கஜம்? வில் வேட்டைக்குப் புதியவர்களுக்கு 15, 20, 30, 40 – ஓர் ஒப்பீடு

செப்டம்பர் பிறந்ததும் எனக்கு வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் ஒன்றேதான்: “அண்ணா, முதல் தடவை வில்லோட காட்டுக்குப் போறேன். எத்தனை கஜம் வரைக்கும் எய்யலாம்?” கேட்பவர் ஏற்கெனவே நாலு பேரிடம் கேட்டுக் குழம்பிப்போய்த்தான் வந்திருப்பார். பயிற்சி வகுப்பில் 20 என்றிருப்பார்கள். வில் விற்ற கடையில், “இந்த வில்லுக்கு 40 எல்லாம் சாதாரணம்” என்றிருப்பார்கள். பல வருடமாக வேட்டைக்குப் போகும் பக்கத்து வீட்டுக்காரர் 30 என்பார். வீடியோவில் ஒருவர் 80 கஜத்தில் மானை விழுத்திக் காட்டுவார்.

இவற்றில் எது யாருக்குப் பொருந்தும் என்று பார்க்கலாம். என் கட்சி எது என்பதை முன்பே சொல்லிவிடுகிறேன்: காம்பவுண்ட் வில்லோடு (கப்பி வைத்த நவீன வில்) முதல் பருவம் போகிறவருக்கு 20 கஜம், ரிகர்வ் வில் (கப்பி இல்லாத, நுனி வளைந்த வில்) என்றால் 15. ஆனால் காரணம் தெரியாமல் எண்ணை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு போனால், கொம்பன் (பெரிய கொம்புள்ள ஆண் மான்) ஒன்று 26 கஜத்தில் வந்து நிற்கும்போது அந்த எண் மறந்துபோகும்.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இது அமெரிக்காவிலும் கனடாவிலும் உரிமம் எடுத்து, பருவத்தில், வெள்ளைவால் மானைத் தேடிப் போகிறவர்களுக்கான கட்டுரை. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். பிரிட்டனில் மானை வில்லால் வேட்டையாடவே கூடாது. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும்; நியூயார்க் போன்ற இடங்களில் பொதுவான வேட்டைப் பயிற்சி போக, வில்லுக்கென்று தனிப் பயிற்சிச் சான்றும் வேண்டும். வில்லின் இழுவிசை எவ்வளவு இருக்க வேண்டும், எந்த மாதிரி முனை போடலாம் என்பதெல்லாம் விதிப்புத்தகத்தில் இருக்கும். எத்தனை கஜத்துக்கு மேல் எய்யக்கூடாது என்பது பொதுவாக இருக்காது. அதை எய்கிறவரே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

## எதை வைத்து எடை போடுவது

அம்பு வெட்டிக் கொல்லும் ஆயுதம். முனையில் உள்ள பிளேடுகள் நாளங்களை அறுத்து, ரத்தம் இழந்துதான் மான் சாகிறது. இரண்டு நுரையீரலும் அறுபட்டால் சில வினாடிகளில் விழுந்துவிடும்; பெரும்பாலும் நூறு கஜத்துக்குள் கிடக்கும். அதே அம்பு ஒரு சாண் பின்னால் போய்க் குடலில் பட்டால், அந்த மான் சாக மணிக்கணக்காகும். இதயமும் நுரையீரலும் சேர்ந்த அந்த இலக்கு, வளர்ந்த வெள்ளைவால் மானில் சுமார் 8 அங்குல வட்டம். விருந்தில் கொடுக்கும் காகிதத் தட்டு ஏறக்குறைய அந்த அளவுதான். ஒவ்வொரு தூரத்தையும் நான் ஐந்து கேள்விகள் கேட்டுப் பார்ப்பேன்.

முதல் அம்பு எங்கே போகிறது? மைதானத்தில் அரை மணி நேரம் எய்து, கை பழகிய பிறகு விழும் அம்புக் கூட்டத்தைப் பார்த்துத்தான் பலரும் தங்கள் தூரத்தைச் சொல்கிறார்கள். காட்டில் அந்த அரை மணி நேரம் கிடைக்காது. விடியற்காலைக் குளிரில், மூன்று மணி நேரம் அசையாமல் உட்கார்ந்த பிறகு, தடித்த ஜாக்கெட்டோடு விடும் ஒரே அம்புதான் கணக்கில் வரும்.

அம்பு போய்ச் சேருவதற்குள் மான் என்ன செய்யும்? இதைக் கீழே விரிவாகப் பார்ப்போம். புதியவர்கள் கிட்டத்தட்ட யாருமே கணக்கில் எடுக்காத விஷயம் இது.

தூரத்தைத் தப்பாகக் கணித்தால் எவ்வளவு போகும்? அம்பு மெதுவாகப் போகும் பொருள், வளைந்துதான் போகும். 20 என்று நினைத்த மான் 25-இல் நின்றால் அம்பு தாழப் போகும்.

கோணம் என்ன? மான் நமக்குப் பக்கவாட்டில் நிற்பது நல்லது. நம்மைவிட்டு லேசாகத் திரும்பிச் சாய்வாக நிற்பதும் நல்லது. நம்மை நேராகப் பார்த்து நிற்கும் மான் மீதும், பின்புறம் காட்டி நிற்கும் மான் மீதும் எந்தத் தூரத்திலும் அம்பு வேண்டாம்.

பட்ட பிறகு தேடிக் கண்டுபிடிக்க முடியுமா? வெளிச்சம், பக்கத்து நிலத்தின் வேலி, சதுப்பு, உடன் வர ஆள் – எல்லாம் இதில் அடக்கம்.

இந்தக் கேள்விகளை நான் ஏன் இவ்வளவு பிடிவாதமாகக் கேட்கிறேன் என்பதற்கு ஒரு புள்ளிவிவரம். மேரிலாந்து மாநிலத்துக் கடற்படைத் தளம் ஒன்றில் 1989 முதல் 2006 வரை வில் வேட்டைக்காரர்கள் எய்த மான்களைக் கணக்கெடுத்தார்கள். அம்பு பட்டும் கைக்குக் கிடைக்காமல் போனவை சுமார் 18 சதவீதம். அங்கே எய்தவர்கள் கண்டபடி வந்தவர்கள் இல்லை. தேர்ச்சி காட்டி அனுமதி பெற்றவர்கள், நவீன வில்லோடு போனவர்கள்.

## மான் குனியும் கணக்கு

நாணை விட்டதும் ஒரு சத்தம் கிளம்பும். ஒலி வினாடிக்குச் சுமார் 1,100 அடி போகும். காம்பவுண்ட் வில்லின் அம்பு அதில் நாலில் ஒரு பங்குகூடப் போகாது. ஆக, எந்தத் தூரத்திலும் சத்தம்தான் முதலில் மானிடம் போய்ச் சேரும். பயந்த மான் ஓடத்தான் பார்க்கும். ஆனால் ஓடுவதற்கு முன் கால்களை மடக்கி உடம்பைத் தாழ்த்தும். அந்தத் தாழ்ச்சிதான் வினை. நெஞ்சுக்குக் குறிவைத்த அம்பு முதுகுச் சதையில் போய்ப் படும், அல்லது முதுகுக்கு மேலே பறந்துவிடும்.

மான் சத்தம் கேட்டு அசையத் தொடங்க 0.15 வினாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன்பின் கல் விழுவது போல் உடம்பு இறங்குகிறது என்றும் வைத்துக்கொள்வோம். காற்றுத் தடையை விட்டுவிட்டுப் பார்த்தால் இப்படி வருகிறது:

| வில், குறிவைத்த தூரம் | அம்பு பறக்கும் நேரம் | விழிப்பாக உள்ள மான் தாழக்கூடியது | மான் 5 கஜம் அதிகத் தூரத்தில் நின்றால் அம்பு தாழ்வது |
|---|---|---|---|
| ரிகர்வ், 15 கஜம் | 0.26 வினாடி | 1 அங்குலம் | 6 அங்குலம் |
| ரிகர்வ், 20 கஜம் | 0.35 வினாடி | 4 அங்குலம் | 7.5 அங்குலம் |
| காம்பவுண்ட், 20 கஜம் | 0.23 வினாடி | ஒன்றுமில்லை என்றே சொல்லலாம் | 3 அங்குலம் |
| காம்பவுண்ட், 30 கஜம் | 0.35 வினாடி | 2.5 அங்குலம் | 4.5 அங்குலம் |
| காம்பவுண்ட், 40 கஜம் | 0.46 வினாடி | 8 அங்குலம் | 6 அங்குலம் |
| கிராஸ்போ (துப்பாக்கி போல் பிடித்து விசை இழுக்கும் வில்), 40 கஜம் | 0.32 வினாடி | அரை அங்குலம் | 2.5 அங்குலம் |

ரிகர்வுக்கு வினாடிக்கு 170 அடி, காம்பவுண்டுக்கு 260, கிராஸ்போவுக்கு 380 என்று வேகம் எடுத்துக்கொண்டேன். காம்பவுண்ட் பெட்டியில் 330, 340 என்று போட்டிருக்குமே என்பீர்கள். அது 70 பவுண்டு இழுவிசை, 30 அங்குல இழுப்பு, 350 கிரெயின் எடையுள்ள லேசான அம்பு என்ற கணக்கில் அளந்தது. ஐந்தரை அடி உயரமுள்ள ஒருவருக்கு இழுப்பு நீளம் 26, 27 அங்குலம்தான் வரும். அவர் 55 பவுண்டு வைத்து, வேட்டைக்குரிய கனமான அம்பைப் போட்டால் 260-ஐத் தொட்டாலே பெரிய விஷயம். நம் ஆட்களில் பலருக்கும் கை நீளம் அவ்வளவுதான். ஆறடிக்கு மேல் வளர்ந்த ஒருவர் தன் வில்லை வைத்துச் சொன்ன தூரத்தை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு இதுவே போதுமான காரணம்.

அட்டவணையை இன்னொரு தடவை பாருங்கள். 8 அங்குல வட்டத்தின் நடுவில் குறிவைத்தால் மேலே 4, கீழே 4 அங்குலம் இடம் இருக்கிறது. காம்பவுண்டில் 20 கஜம் என்றால் மான் விழிப்பாக இருந்தாலும் தப்பில்லை. 40-இல் நீங்கள் அம்பை மயிரிழை பிசகாமல் விட்டாலும் மானே வட்டத்தைக் கீழே இறக்கிவிடும். இது பயிற்சியால் சரிசெய்யக்கூடிய விஷயம் கிடையாது. கடைக்காரர் சொல்லும் “40 சாதாரணம்” தெர்மாகோல் மானுக்குப் பொருந்தும். அதற்குக் காது கேட்காது.

எல்லா மானும் இப்படித் தாழாது என்பதும் உண்மை. காற்றடிக்கும் நாளில், ஓக் கொட்டையைப் பொறுக்கித் தின்றுகொண்டு வாலை ஆட்டியபடி நிற்கும் மான் சத்தத்தைக் கண்டுகொள்ளாமலே இருக்கலாம். சந்தேகப்பட்ட பெட்டை மானைப் பார்த்திருக்கிறீர்களா? முதலில் காது இரண்டும் உங்கள் பக்கம் திரும்பும். அப்புறம் தலையைத் தாழ்த்தி மேய்வது போல் பாவனை காட்டி, வாய் தரையைத் தொடுமுன் வெடுக்கென்று நிமிரும். நீங்கள் அசைகிறீர்களா என்று பார்க்கிற தந்திரம் அது. பிறகு முன்னங்கால் ஒன்றைத் தூக்கித் தரையில் ஓங்கித் தட்டும். தட்டியாயிற்று என்றால் உடம்பு முறுக்கேறிவிட்டது என்று அர்த்தம். 20 கஜம்கூட அப்போது எனக்குத் தூரமாகத்தான் தெரியும்.

## 15 கஜமும் அதற்குள்ளும்

ரிகர்வ், லாங்போ (நீண்ட, பழைய பாணி வில்) எடுத்தவர்களுக்கு இதுதான் வீடு. 15 கஜம் குறிவைத்து மான் 20-இல் நின்றால் அம்பு 6 அங்குலம் தாழும் என்கிறது அட்டவணை. ரிகர்வில் தூரத்தைப் பெரும்பாலும் கண்ணாலேயே அளக்கிறோம். அப்படியிருக்க, 20 என்பது ரிகர்வ்காரருக்குப் பழகியபின் வரும் தூரம். பறக்கும் நேரத்தைப் பார்த்தால் ரிகர்வில் 20 கஜமும் காம்பவுண்டில் 30 கஜமும் ஒன்று. மைதானத்தில் 30 கஜம் எய்யும் ரிகர்வ்காரர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. அது வேறு ஆட்டம்.

பழைய ஆட்களின் வழக்கமும் இதுதான். 1911-இல் கலிபோர்னியாவின் ஓரோவில் ஊருக்கு வந்து சேர்ந்தவர் இஷி, யாஹி என்ற பழங்குடி இனத்தின் கடைசி மனிதர். அவரிடம் வில் பழகிய சாக்ஸ்டன் போப் என்ற மருத்துவர்தான் நவீன அமெரிக்க வில் வேட்டைக்கு ஒரு தொடக்கம் கொடுத்தவர். இஷியின் வித்தையில் பெரும்பகுதி எய்வதற்கு முன்னால் நடந்தது: காற்றின் திசை பார்ப்பது, மறைந்து காத்திருப்பது, விலங்கைத் தன்னிடம் வரவழைப்பது.

கிட்டப்போவதிலும் விலை உண்டு. முதலாவது, வில்லை இழுக்கும் அசைவு. 10 கஜத்தில் நிற்கும் மானின் கண்ணுக்குத் தப்பி முழு இழுப்புக்கு வருவது, 20 கஜத்தில் குறி தப்பாமல் எய்வதைவிடக் கஷ்டம். மான் தலை ஒரு மரத்தின் பின்னால் மறையும் அந்தக் கணத்துக்காகக் காத்திருக்க வேண்டும். அது வராமலே போகலாம்.

இரண்டாவது, மரத்தில் கட்டிய பரணில் இருப்பவர்களுக்குக் கோணம். மானைவிட 20 அடி உயரத்தில் இருக்கிறீர்கள், மான் உங்கள் மரத்திலிருந்து 5 கஜத்தில் நிற்கிறது என்றால் அம்பு 50 பாகைக்கு மேல் சரிந்து கீழே போகும். மேலே முதுகெலும்பு மறைக்கும். அதைத் தாண்டினாலும் ஒரு நுரையீரல் மட்டும் அறுபடும் வாய்ப்பு அதிகம். ஒரு நுரையீரலோடு மான் வெகுதூரம் போகும். அதே மான் 15 கஜத்தில் நின்றால் சரிவு 24 பாகைதான். அதனால் பாதைக்கு நேர் மேலே பரணைக் கட்டாதீர்கள். பாதையிலிருந்து 12 முதல் 18 கஜம் தள்ளிக் கட்டுங்கள். மரத்தடிக்கே வந்த மானை, அது நடந்து கொஞ்சம் விலகும் வரை விட்டுப்பிடியுங்கள். புதியவர்கள் “இவ்வளவு கிட்டவா!” என்று கைநடுங்கி அம்பை விடுவது இந்த இடத்தில்தான்.

மூன்றாவது விலை பொறுமை. 15 கஜம் என்று வைத்துக்கொண்டால் பருவம் முழுக்க ஓர் அம்புகூட விடாமல் போகலாம். அதை ஏற்க முடியாதவர் ரிகர்வோடு தொடங்காமல் இருப்பது நல்லது.

## 20 கஜம்

கிழக்கு மாநிலங்களின் காடுகளிலும் ஒன்டாரியோவிலும் மரங்கள் அடர்ந்த இடத்தில் பெரும்பாலும் இதற்கு மேல் தெளிவாகப் பார்க்கவே முடியாது. காடே உங்களுக்கு 20 என்று எல்லை போட்டுக் கொடுத்திருக்கிறது.

கிராஸ்போவை விட்டுவிட்டால், அட்டவணையில் காம்பவுண்ட் 20 என்ற வரி ஒன்றுதான் மூன்று பிழையையும் தாங்குகிறது. மான் குனிந்தால் தாங்கும். 5 கஜம் தப்பாகக் கணித்தால் தாங்கும். கை லேசாக நடுங்கினாலும் தாங்கும். ஆனால் மூன்றும் ஒரே நேரத்தில் வந்தால் தாங்காது. அதனால்தான் 20 என்பதைப் புதியவருக்கான உச்ச வரம்பாகச் சொல்கிறேன். எப்போதும் எய்யலாம் என்று சொல்லவில்லை.

செலவு? பணமாக அதிகமில்லை. தூரம் அளக்கும் ரேஞ்ச்ஃபைண்டர்கூட இல்லாமல் சமாளிக்கலாம்: பருவத்துக்கு முன் பரணிலிருந்து நாலு பக்கமும் 20 கஜம் அளந்து, ஒரு கல், ஒரு குச்சி, ஒரு மரத்தில் அடையாள நாடா என்று வைத்துக்கொண்டால் போதும். அந்த அடையாளத்துக்கு உள்ளே வந்தால் எய்யலாம், வெளியே என்றால் பார்த்து ரசிக்கலாம். உண்மையான செலவு வேலையாக வரும். மான் எங்கே படுக்கிறது, எங்கே தின்கிறது, எந்தக் காற்றுக்கு எந்தப் பாதையில் வருகிறது என்று கோடையிலேயே நடந்து பார்க்க வேண்டும். பரண் இரண்டு மூன்று இடத்தில் வேண்டியிருக்கும். குறுக்கே நீட்டும் கிளைகளை நில உரிமையாளரிடம் கேட்டு வெட்ட வேண்டும். அரசு நிலம் என்றால் வெட்டலாமா என்று விதியைப் பார்க்க வேண்டும். 30 கஜம் எய்கிறவர் இந்த வேலையில் பாதியைத் தன் தூரத்தால் ஈடுகட்டிவிடுவார். 20 கஜக்காரருக்கு அந்தச் சலுகை இல்லை. ஒருவிதத்தில் எனக்குப் பிடித்ததே அதுதான். முதல் இரண்டு பருவத்தில் கற்க வேண்டியது மானைத்தான், வில்லை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

20-க்கு உங்களுக்குத் தகுதி இருக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை. காலையில் வேலைக்குக் கிளம்பும் முன், வேட்டைக்குப் போடும் அதே உடுப்போடு, கொல்லையில் 20 கஜத்தில் மாட்டிய 6 அங்குலத் தட்டில் ஒரே ஓர் அம்பு. ஒன்றுதான். எடுத்து வைத்துவிட்டு வேலைக்குப் போய்விடுங்கள். தட்டைத் துளைத்தால் காலண்டரில் ஒரு டிக், தவறினால் ஒரு இன்டு. 8 இல்லாமல் 6 அங்குலம் எதற்கு என்றால், காட்டில் நெஞ்சு படபடக்கும்; அதற்கான கழிவு அது. இன்டு விழுந்துகொண்டே இருந்தால் கொஞ்சம் கிட்ட வந்து எய்யுங்கள்; காலண்டரில் இன்டு விழுவது நின்றுபோகும் தூரம்தான் உங்கள் தூரம். அது 14 கஜமாக இருந்தால் இந்த வருடம் 14. வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒன்று கவனம்: சோதனையின் கடைசி வாரங்களை வேட்டை முனை போட்டே செய்யுங்கள். பயிற்சி முனை நேராகப் போகும் வில்லில், பிளேடு முனை சில அங்குலம் விலகிப் போவது சகஜம். வீட்டுக் கொல்லையில் எய்ய நகராட்சி அனுமதிக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

## 30 கஜம்

பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது தப்பில்லை, அவருக்கு. 30 கஜம் ஒழுங்காக அமைத்த காம்பவுண்ட் வில்லின் எல்லைக்குள்தான் இருக்கிறது. அம்பின் வலுவும் போதும்; இந்தத் தூரத்துக்குள் அது இழக்கும் வேகம் சொற்பம். ஆனால் மூன்று பிழையையும் தாங்கும் என்று 20-க்குச் சொன்னதை இங்கே சொல்ல முடியாது. 5 கஜம் தப்பாகக் கணித்தால் அம்பு நாலரை அங்குலம் தாழும், அதாவது வட்டத்துக்கு வெளியே. அதனால் 30 கஜம் எய்ய ரேஞ்ச்ஃபைண்டர் கட்டாயம், பரணிலிருந்து எய்தால் கோணத்தைக் கழித்துச் சொல்லும் வகை இன்னும் நல்லது. அதைக் கையில் எடுத்து, அளந்து, வைத்துவிட்டு வில்லை இழுப்பதற்குள் மான் நாலு எட்டு வைத்திருக்கும் என்பது இதில் ஒளிந்திருக்கும் செலவு.

நடக்கும் மான் இன்னொரு சிக்கல். சாவகாசமாக நடக்கும் மான் வினாடிக்கு நாலு அடிக்கு மேல் போகும். 30 கஜத்துக்கு அம்பு எடுக்கும் 0.35 வினாடியில் அது ஒன்றரை அடி நகர்ந்திருக்கும்: தோளுக்குப் பின்னால் குறிவைத்தது குடலில் போய்ப் படும். அதற்காக “மே” என்று மெதுவாகக் குரல் கொடுத்து நிறுத்துவார்கள். நிற்கும், ஆனால் காதைத் தூக்கிக்கொண்டு நிற்கும். நாமே அதை விழிக்க வைத்துவிட்டு, அட்டவணையில் அந்த இரண்டரை அங்குலத்தை வாங்கிக்கொள்கிறோம். 20-இல் அதே குரலுக்குக் கிட்டத்தட்ட விலையே இல்லை.

இலைக்கிளைகளையும் சொல்ல வேண்டும். 30 கஜத்தில் உங்கள் பார்வைக் கோடு தெளிவாக இருக்கும். ஆனால் அம்பு அந்தக் கோட்டில் போவதில்லை, அதற்கு மேலே வளைந்து போகிறது. நடுவில் ஒரு சுண்டுவிரல் தடிமன் கிளை போதும்.

சரி, யாருக்கு 30? வயல் ஓரத்தில், புல்வெளியில் வேட்டையாடுபவர். 6 அங்குலத் தட்டுச் சோதனையை 30-இல் தாண்டியவர். ஏற்கெனவே 20-க்குள் ஒன்றிரண்டு மான் எடுத்து, அந்த நேரத்தில் தன் கையும் மூச்சும் எப்படி நடந்துகொள்கின்றன என்று தெரிந்தவர். இந்த மூன்றாவது தகுதி புதியவருக்கு இருக்க முடியாது என்பதால்தான் முதல் பருவத்தில் 30-ஐ நான் ஒப்புக்கொள்வதில்லை. அதிலும் மான் தலை குனிந்து மேய்ந்துகொண்டிருக்க வேண்டும், காற்று அடங்கி இருக்க வேண்டும், நல்ல வெளிச்சம் வேண்டும்.

## 40-உம் அதற்கு மேலும்

வெள்ளைவால் மானுக்குப் புதியவரின் 40 கஜம் என்பதில் விவாதிக்க எதுவுமே இல்லை. கணக்கு மேலே இருக்கிறது.

மேற்கு மாநிலங்கள் வேறு. வயோமிங் சமவெளியில் பிராங்ஹார்ன் (மான் போன்ற விலங்கு), கொலராடோ மலையில் எல்க் (பெரிய மான் வகை) என்று போகிறவர்கள் 40, 50 கஜம் எய்கிறார்கள். எல்க் பெரிய உடம்பு. இலக்கு வட்டமும் பெரிது. அங்கும் புதியவருக்குக் கிட்டப்போக வழி இருக்கிறது. பிராங்ஹார்னுக்குத் தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் கூடாரம் போட்டு உட்கார்ந்தால் 20 கஜத்துக்குள் வரும். செப்டம்பரில் எல்க்கைக் குரல் கொடுத்து அழைத்தால் 20, 30 கஜத்துக்கு அதுவே தேடி வரும். மேற்குப் பயணத்துக்கு நிறையப் பணம் கட்டிவிட்டோமே என்ற நினைப்புதான் ஆபத்து. கடைசி நாளில் அந்தப் பணம் காதில் வந்து “60 என்றாலும் விட்டுப் பார்” என்று சொல்லும்.

ஆனால் 40, 50 கஜத்தில் பயிற்சி செய்யுங்கள், நிறையச் செய்யுங்கள். 50-இல் விரல் பிழை, தோள் பிழை எல்லாம் பூதக்கண்ணாடி வைத்தது போல் தெரியும். ஒரு மாதம் அப்படி எய்துவிட்டு 20-க்கு வந்தால் தட்டு பெரிதாகத் தெரியும்.

## கிராஸ்போ எடுத்தால்?

தோள்வலி உள்ளவர்களும் பயிற்சிக்கு நேரமில்லாதவர்களும் இதைக் கேட்கிறார்கள். நியாயமான வழி. வேகத்தைப் பார்த்தால் கிராஸ்போவின் 40 கஜம் காம்பவுண்டின் 30-ஐவிடப் பாதுகாப்பு. எனினும் புதியவருக்கு நான் 30 என்றுதான் சொல்வேன். ஸ்கோப் வழியாகப் பார்ப்பதால் மான் கிட்டத்தில் இருப்பது போலத் தோன்றும்; சாய்ந்து நிற்கும் கோணம் தெரியாது. இரண்டாவது அம்புக்கு நேரமும் கிடைக்காது. சில மாநிலங்களில் வில் பருவத்தில் கிராஸ்போவுக்கு முழு அனுமதி, சிலவற்றில் கட்டுப்பாடு. வாங்கும் முன் பாருங்கள்.

## எண் தினமும் சுருங்கும்

20 என்று வைத்தவருக்கும் அது எல்லா நாளும் 20 இல்லை. பல மாநிலங்களில் சூரியன் மறைந்து அரை மணி நேரம் வரை எய்யலாம். அந்தக் கடைசிப் பத்து நிமிடத்தில் நாணில் உள்ள பீப் துளை வழியே பார்த்தால் மானின் உடம்பு ஒரே சாம்பல் திட்டாகத் தெரியும். தோள் எங்கே, வயிறு எங்கே என்று பிரியாது. அப்போது என் கணக்கில் பாதி. மழை வரப்போகிறது என்றாலும் பாதிதான், ரத்தத் தடம் கரைந்துவிடும். பக்கத்து நிலத்தின் வேலி அருகில் இருந்து, அங்கே நுழைய அனுமதி வாங்கவில்லை என்றால் அந்தப் பக்கம் எய்யவே வேண்டாம்.

எய்த பிறகு தெரிந்துகொள்ள வேண்டியதும் தூரத்தோடு சேர்ந்ததே. அம்பை எடுத்துப் பாருங்கள். நுரை கலந்த இளஞ்சிவப்பு ரத்தம் என்றால் நுரையீரல். அரை மணி நேரம் காத்திருந்து போகலாம். கருஞ்சிவப்பு என்றால் ஈரல். மூன்று நாலு மணி நேரம். பச்சை, பழுப்பு, நாற்றம் என்றால் குடல். எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் அந்த இடத்தை விட்டே விலகியிருக்க வேண்டும். மாலை ஐந்தரைக்கு 30 கஜத்தில் குடலில் பட்ட ஒரு மான் என்றால், உங்கள் மறுநாள் விடுப்பு, தூக்கம், உதவிக்கு வரும் நண்பரின் விடுப்பு எல்லாம் போயிற்று. இரவில் ஓநாய்நரிகள் முந்திக்கொண்டால் இறைச்சியும் போயிற்று. கயிற்றில் கட்டிய மோப்ப நாயோடு வந்து தேடித் தருபவர்கள் பல மாநிலங்களில் இருக்கிறார்கள். அவர்கள் எண்ணைப் பருவம் தொடங்கும் முன்பே போனில் சேமித்து வையுங்கள்.

## அடிக்கடி கேட்கும் சில நிலைமைகள்

*“பென்சில்வேனியாவில் அரசுக் காடு, காம்பவுண்ட் 55 பவுண்டு, ஆறு மாதப் பயிற்சி.”* 20. ஏறியிறங்கும் பரண் ஒன்று வாங்கி, பாதையிலிருந்து 15 கஜம் தள்ளி ஏறுங்கள்.

*“நண்பரின் சோயா வயல், மான் எல்லாம் நடு வயலில் 35, 40-இல்தான் நிற்கிறது.”* அப்படியானால் மாற்ற வேண்டியது பரணைத்தான். மான் வயலுக்குள் நுழையும் வாயில் ஏதாவது ஒரு மூலையில், மரவரிசை வளைவில் இருக்கும், அங்கே போங்கள்.

*“வேலைப்பளு, வாரத்தில் ஒரு நாள்தான் எய்ய முடிகிறது.”* காலண்டர் சோதனையைச் செய்து பாருங்கள். 15 தேறினால் 15. எதுவும் தேறவில்லை என்றால் இந்த வருடம் வில்லில்லாமல் போய், மானைப் பார்த்துவிட்டு வாருங்கள், அல்லது கிராஸ்போ.

*“மூன்றாவது பருவம், 20-க்குள் இரண்டு மான் எடுத்தாயிற்று, 30-இல் தட்டுச் சோதனை தேறிவிட்டது.”* மேய்ந்துகொண்டிருக்கும், உங்களைக் கண்டுகொள்ளாத மானுக்கு மட்டும் 30. காதைத் தூக்கிவிட்டால் திரும்பவும் 20.

*“26 கஜத்தில் பெரிய கொம்பன், பக்கவாட்டில் நிற்கிறான், நான் 20 என்று வைத்திருக்கிறேன்.”* இதுதான் எல்லோரும் உண்மையில் கேட்க வருவது. விடாதீர்கள். அவன் எந்தப் பக்கத்திலிருந்து வந்தான், காற்று எங்கிருந்து அடித்தது, மணி என்ன என்று குறித்துக்கொண்டு, அவன் கண்மறைந்து போனபின் இறங்குங்கள். அடுத்து அதே காற்று அடிக்கும் நாளுக்குள் பரணை அந்தப் பாதைப் பக்கம் பத்துக் கஜம் நகர்த்திவிடலாம்.